ஏழாம் படுக்கைக்கு வந்த துணைத்தோழன்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்வார்கள். நான் தீயணைப்பு வண்டி ஓட்டுநர். வருடத்தில் ஏழெட்டுப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் முதலுதவி வகுப்பு எடுப்பேன். "நெஞ்சு வலித்தால் யாரும் தானே வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது" என்று பிள்ளைகளை மூன்று முறை திருப்பிச் சொல்லவைப்பேன். அப்படிப்பட்டவன், சேரன்மகாதேவி சாலையில் ஒரு ரயில்வே கேட்டு முன்னால் நெஞ்சு இறுகி, இரண்டு கையும் மரத்து, உள்ளங்கால்வரை வேர்த்தபோது என்ன செய்தேன்? கேட்டு திறந்ததும் பைக்கை உதைத்து, அத்தனை கிலோமீட்டரும் நானே ஓட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி, சைடு லாக் போட்டு, ஹெல்மெட்டைப் பூட்டி, அதற்குப் பிறகுதான் மயங்கி விழுந்தேன். வண்டி நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்கும் அம்மாள், "டோக்கன் வாங்காம படுத்துட்டாரே" என்றுதான் முதலில் சொன்னாராம்.

இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று உண்டு. அது முட்டாள்தனம்கூட இல்லை, அயோக்கியத்தனம். அதற்கு வருகிறேன்.

நெஞ்சில் பசை தடவி, ஒயர்களை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஓடுகிற மின்சாரத்தைத் தாளில் கோடாக வரைவது. கோடு ஒழுங்காக இருந்தது. பிறகு ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசை அடிபட்டால் அதிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம். அது இருக்கிறதா என்று சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தார்கள். இல்லை. எக்கோ என்பது ஒலி அலையை வைத்து இதயம் சுருங்கி விரிவதைத் திரையில் பார்ப்பது. பார்த்த பையன் திரையை என் பக்கம் திருப்பி, "நல்லா அடிக்குது அண்ணாச்சி" என்றான். நான் நம்பவில்லை. எரிகிற வீட்டின் முன்னால் நின்று எத்தனை பேரிடம் "ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன்! அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

எல்லாமே சந்தேகமாக இருந்தது. என் மனைவி கோமதி நடைவழியில் டாக்டரிடம் மெதுவாகப் பேசினாள், ஏன் மெதுவாக? அம்பாசமுத்திரத்திலிருந்து மச்சினன் நான்கு இளநீரோடு வந்தான். பிழைக்கிறவனுக்கு ஒன்று போதாதா? வேறு ஸ்கேன் ஏதும் வெளியில் எடுக்கச் சொன்னால் எவ்வளவு ஆகும் என்று கோமதி மூன்று இடங்களில் போன் போட்டு விசாரித்து வைத்திருந்தாள். எதுவும் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதையும் சந்தேகப்பட்டேன். விழுந்தபோது தொலைந்த என் ஒற்றைச் செருப்பை அவள் அத்தனை கலவரத்திலும் தேடிக் கண்டுபிடித்து, கழுவி, கட்டிலுக்கு அடியில் ஜோடியாக வைத்திருந்தாள். அதை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. செருப்பு வைத்திருக்கிறார்கள் என்றால் நடக்கவிடப் போகிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் இதய டாக்டர் சொல்லிவிட்டார். "ஹார்ட்ல ஒண்ணுமில்ல. இது பேனிக் அட்டாக்." பதற்றத் தாக்கு. ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடம்பு ஆபத்து என்று நினைத்து, ஓடவோ சண்டை போடவோ தயாராகிவிடும். இதயம் குதிக்கும், மூச்சு முட்டும், கை மரக்கும், இப்போதே சாகப் போகிறோம் என்று தோன்றும். எங்கள் துறையில் இதற்குப் பொய் அழைப்பு என்று பெயர். தீ இல்லை, ஆனால் மணி நிஜமாகவே அடிக்கிறது, வண்டி நிஜமாகவே புறப்படுகிறது.

என்னை மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஏழாம் படுக்கை. அங்கே போனதும்தான் நிஜமாகவே பயந்தேன். இதயத்தில் ஓட்டை என்றால்கூட ஊரில் மரியாதை உண்டு. ஓட்டுநருக்கு மனசு சரியில்லை என்று ஒரு தாள் நிலையத்துக்குப் போனால் ஸ்டீயரிங் போச்சு. தொலைபேசி அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். பதினாறு வருடமாக அந்தச் சிவப்பு வண்டியை ஓட்டுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஆகவே, வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மனநல டாக்டரம்மா சின்ன வயசு. கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தார். "கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் வராமல் இருந்ததா?" இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை, சில நாள், பல நாள், தினமும் என்று நான்கு கட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தாளை நானே ஜெராக்ஸ் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கட்டத்தில் டிக் அடித்தால் மாட்டுவோம் என்பது எனக்கு அத்துப்படி. மடமடவென்று முடித்துக் கொடுத்தேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் இல்லவே இல்லைன்னு போட்டிருக்கீங்க" என்றார்.

"ஆமா டாக்டர்."

"எனக்கே ரெண்டு கேள்விக்கு சில நாள்னு வரும் சார். நீங்க வண்டி ஸ்டாண்டுல மயங்கி விழுந்தவரு."

தாளைக் கோப்பில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என்ன எழுதினார் என்று தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்தை நேராகவே படிக்க முடியாது.

அந்தத் தாள் எனக்கு எப்படித் தெரியும் என்பதில்தான் அயோக்கியத்தனம் இருக்கிறது. கொஞ்ச வருடம் முன்னால் எங்கள் துறையில் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். பிணம் எடுத்து, தீயில் வெந்தவர்களைத் தூக்கி மனசு கனத்துப்போகிறவர்களுக்கு அதே வேலை பார்க்கிற ஒருவன் துணையாக உட்கார்ந்து பேச்சுக் கேட்பது. துணைத்தோழன் என்று பெயர். நிலையத்துக்கு ஒருவரை அனுப்பச் சொன்னதும் எங்கள் நிலைய அலுவலர் யோசிக்கவே இல்லை. "சுடலைய அனுப்புங்க. அவன் பேசுனா பொணமும் எந்திச்சு சிரிக்கும்." எனக்கு இரண்டு நாள் பயிற்சி, கழுத்தில் அட்டை, அந்தக் கேள்வித்தாள் ஒரு கட்டு, ஒரு தண்ணீர் போத்தல். சொல்லித் தந்தது மூன்றே விஷயம். கேள். புத்தி சொல்லாதே. கேட்டதை வெளியே சொல்லாதே. மூன்றாவதற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: சொல்கிறவன் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மேலே சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் வந்தவன் மிக்கேல். ராதாபுரத்துக்குத் தெற்கே கடற்கரை ஊர்க்காரன், மீன்பிடிக் குடும்பம். தாமிரபரணியில் யார் மூழ்கினாலும் அவன்தான் இறங்குவான். ஒருநாள் படித்துறைக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையை உயிரில்லாமல் எடுத்துவந்தான். அதற்குப் பிறகு வீட்டில் தலையில் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. பக்கெட்டைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறது. ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறேன் என்று என்னிடம் சொன்னான். சொல்லும்போது என்னை "அண்ணாச்சி" என்றான்.

பதினோரு நாள் வாயை அடக்கி வைத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் மெஸ்ஸில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தபோது, எல்லோரும் என் வாயையே பார்க்கிற அந்த நேரத்தில், கையிருப்பில் வேறு ஜோக் இல்லாத ஒரே காரணத்தால் சொன்னேன்: "நம்ம கடல்ராசா வீட்டுல பக்கெட்டப் பாத்தா ஓடுதாராம்லே!" மெஸ்ஸே சிரித்தது. மிக்கேல் எனக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தான். தட்டையும் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வெளியே போனான். அடுத்த மாதம் கங்கைகொண்டான் பக்கம் மாறுதல் வாங்கிப் போய்விட்டான். "ஒரு ஜோக்குக்குப் போய்!" என்று அதற்கும் நான்தான் சிரித்தேன்.

இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஏழாம் படுக்கையில் நான் மாத்திரைக்காகக் காத்திருந்த ஒரு மதியம், கழுத்தில் அட்டையோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன் மிக்கேல்தான்.

"துணைத்தோழரா வந்திருக்கேன்" என்றான். "உம்ம நெலயத்துக்கு நான்தான் பொறுப்பு. வேண்டாம்னா சொல்லும், வேற ஆள அனுப்பச் சொல்லுதேன்."

நீரு, உம்ம என்று ஆகிவிட்டிருந்தது. "அண்ணாச்சி" போய்விட்டது.

"நீ எதுக்குலே இந்தப் பயிற்சிக்கெல்லாம் போன?"

"எப்படிச் செய்யக் கூடாதுன்னு நீரு ஏற்கெனவே சொல்லித் தந்துட்டீருல்லா. மிச்சத்தப் படிக்கப் போனேன்."

ஒரு பொட்டலத்தை நீட்டினான். ஊரிலிருந்து கொண்டுவந்த சில்லுக்கருப்பட்டி. நான் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தேன். "நீ ஒண்ணு தின்னு பாப்போம்" என்றேன். அவன் ஒன்றை எடுத்துக் கடித்து, வாயைத் திறந்து காட்டி, "போதுமா? இல்ல, முழுங்குனத எக்ஸ்ரே எடுத்துப் பாக்கீரா?" என்றான். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். என் சபையில் என்னைவிட இன்னொருவன் சிரிக்கவைத்தது அதுதான் முதல் தடவை.

நான்கு நாள் வந்தான். வருவான், உட்காருவான், பேசமாட்டான். வேவு பார்க்கத்தான் வருகிறான் என்று நான் உறுதியாக இருந்தேன். போன பிறகு கட்டிலுக்கு அடியில் போன் ஏதும் ஒளித்துவைத்துப் பதிவு செய்கிறானா என்று குனிந்து பார்த்தேன். என் செருப்புதான் இருந்தது. கோமதி கேட்டாள், "என்ன தேடுதிய?" "கொசுவத்தி" என்றேன்.

ஐந்தாம் நாள் அவன் ஸ்டூலில் இருந்தபோது வெளியே ஒரு ஆம்புலன்ஸ் சைரனை அணைக்காமல் வாசலில் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ வண்டி மறித்திருக்கும். சத்தம் கிட்டேயும் வரவில்லை, தூரமும் போகவில்லை. ஒரே இடத்தில் நின்று அலறியது. என் கை இரண்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தன. மூச்சு மேலேயே நின்றது. மிக்கேல் எழுந்து சன்னலைச் சாத்தினான். திரும்ப வந்து என் கையின்மேல் கை வைக்காமல், கம்பியில் என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்துக்கொண்டு நின்றான். சத்தம் நின்றது. சன்னலைத் திறந்துவிட்டுக் கேட்டான்.

"எம்புட்டு நாளா?"

என் வாயில் ஒரு ஜோக் வந்தது. வந்தது போய்விட்டது. சொன்னேன்.

சில மாதங்களுக்கு முன்னால் சேரன்மகாதேவி தாண்டி ஒரு ஊரில் வைக்கோல் படப்பு தீப்பற்றி, பக்கத்து வீட்டுக்குத் தாவியிருந்தது. நான்தான் வண்டி ஓட்டினேன். வழியில் அதே ரயில்வே கேட்டு. மூடியிருந்தது. ரயில் வந்துகொண்டிருக்கும்போது யாரும் திறக்க முடியாது, அதில் ஒருவர் மேலும் குற்றமில்லை. நான் சைரனை அணைக்கவில்லை. அவசரத்தில் இருக்கிறவன் கை சும்மா இருக்காது. சைரன் அடித்தால் ரயில் சீக்கிரம் வருமா? ஆனாலும் அடித்துக்கொண்டே நின்றேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் வயல்வெளி. சத்தம் நேராக ஊருக்குப் போயிருக்கிறது. வீட்டுக்காரர் வெளியில் பத்திரமாகத்தான் நின்றிருந்தார். சைரனைக் கேட்டதும், "வண்டி வந்துட்டு" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்தில் மாட்டை அவிழ்க்க உள்ளே போயிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாடு மட்டும் தெருவில் நின்றது. அவருடைய தம்பி என்னிடம் சண்டைகூடப் போடவில்லை. "சத்தம் கேட்டுச்சு சார். வண்டியத்தான் காணோம்" என்றார்.

மிக்கேல் புத்தி எதுவும் சொல்லவில்லை. "ம்" என்றான். அந்த 'ம்' கொடுத்த தைரியத்தில் நான் இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தேன். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு வீட்டில் பாம்பு என்று அழைப்பு. வண்டியில் என்னோடு ஆறு பேர். சைரன் போட்டதும் ஆற்றுப்பாலத்து நடுவில் கை மரத்து, கண் இருட்டி, கைப்பிடிச் சுவர் பக்கமாக வண்டி போயிற்று. எப்படியோ பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். "கிளட்ச் மக்கர் பண்ணுதுலே" என்று சொல்லி, இறங்கி முன்பக்கம் குனிந்து, பார்ப்பதுபோல் நடித்தேன். எல்லோரும் நம்பினார்கள். பாம்பும் நல்ல பாம்பு, குணத்தைச் சொல்கிறேன், நாங்கள் போகும்வரை குளியலறையிலேயே காத்திருந்தது.

இந்த இடத்தில் மிக்கேல் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான்.

"இதுக்குப் பொறவு வண்டி ஓட்டுனீரா?"

"ரெண்டு தடவ."

"டாக்டரம்மாட்ட சொன்னீரா?"

"கிறுக்கனாலே நான்?"

"அப்ப சரி. விலக்கு எதுன்னு உமக்குத் தெரியும். நாளைக்குக் காலைல அவங்க ரவுண்ட்ஸ் வார வரைக்கும் உமக்கு நேரம். நீரு சொன்னா நல்லது. இல்லன்னா நான் சொல்லணும்."

அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நான் நினைத்தது சரிதான் என்று பட்டது. இவ்வளவு நாள் பையப் பைய வந்து உட்கார்ந்து, தூண்டில் போட்டு, கருப்பட்டியை இரையாக வைத்து என் வாயைக் கிளறிவிட்டான் கடற்கரைக்காரன். சாயந்திரம் ரசம் சாதத்தோடு வந்த கோமதியிடம் கொட்டித் தீர்த்தேன். பாலத்தில் நடந்ததையும் சொல்லவேண்டியதாயிற்று, இல்லாவிட்டால் மிக்கேலின் துரோகம் அவளுக்குப் புரியாதே.

அவள் தூக்குவாளியை மூடினாள். "அன்னைக்கு எங்கிட்டயும் கிளட்ச்சுன்னுதான் சொன்னிய. நான் நம்பல" என்றாள்.

"ஏன்?"

"கிளட்ச்சு மக்கர் பண்ணுனா அத ஒரு மாசத்துக்குக் கதையாச் சொல்லுவிய. அன்னைக்கு ஒரே வரியில முடிச்சிட்டிய." பிறகு, "அந்தப் புள்ள சொல்லாட்டா நான் சொல்லுவேன். பாத்துக்கிடுங்க" என்றாள்.

காலையில் டாக்டரம்மா வந்தார். வாசலில் மிக்கேல் நின்றான். உள்ளே வரவில்லை, சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படித்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் ஐந்தாவது படத்தை வெகு கவனமாகப் படித்தான். பாலத்தின் கைப்பிடிச் சுவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து பாம்புக் கதை பேசிக்கொண்டு வந்தவர்களின் சத்தமும் கேட்டது. "டாக்டர், அந்தப் பேப்பர இன்னொருவாட்டி குடுங்க" என்றேன்.

இந்த முறை டிக் அடிக்க இருபது நிமிடம் ஆயிற்று.

டாக்டரம்மா விவரமாகச் சொன்னார். நடந்த ஒன்றை மனசு ஓரமாக எடுத்துவைக்க முடியாமல், அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு திரும்ப அந்தக் கேட்டுக்கே போய்விடுகிறது. மாத்திரை உண்டு, போட்ட அன்றே கேட்காது, சில வாரம் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக் கூடாது. அதோடு வாரம் ஒரு முறை பேச்சுச் சிகிச்சை. பயப்படுகிற விஷயத்தின் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் நின்று, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்குப் பழக்குவது. மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது. அதற்குப் பிறகு பார்த்துத்தான் சொல்ல முடியும். கட்டாயம் திரும்பக் கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. ஸ்டீயரிங் போவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பேனா மூடியைக்கூட அவர் கீழே வைக்கவில்லை, வாயில் கடித்துக்கொண்டே எழுதிவிட்டார்.

இதை எழுதுவது தொலைபேசி அறையில் உட்கார்ந்து. அழைப்பு வந்தால் எடுக்கிறேன், ஊர் பேர் குறிக்கிறேன், மணி அடிக்கிறேன். எனக்குப் பதில் ஓட்டுகிற பையன் கியர் மாற்றும் சத்தம் இங்கேவரை கேட்கும், பல்லைக் கடித்துக்கொள்வேன். எங்கள் ஆட்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். துணைத்தோழனைச் சந்தேகப்படுங்கள், தப்பில்லை. என்னைப் போன்றவர்களும் அந்த அட்டையை மாட்டியிருந்தோம். ஆனால் கேள்வித்தாளுக்கு நிஜத்தைச் சொல்லுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் பாடம். அதே கேட்டுக்குப் போய் நிற்கவேண்டும். மிக்கேல் தன் ஓய்வு நாளில் பைக்கில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவான். போன வாரம் பகல் பதினொரு மணிக்கு நின்றோம். கேட்டு இறங்கியது. எனக்கு வேர்த்தது, கை மரக்க ஆரம்பித்தது, ஆனால் பைக் கம்பியை விட்டுவிட்டு நின்றேன். பாசஞ்சர் ரயில் போயிற்று. கடைசிப் பெட்டியில் ஒரு அம்மாள் முறுக்கு தின்றுகொண்டிருந்ததுகூட எனக்குத் தெரிந்தது.

"லே மிக்கேலு" என்றேன். "அன்னைக்கு மெஸ்ஸுல நான் சொன்னது... மன்னிச்சிக்கிடுலே."

அவன் ரயில் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாவியைத் திருகினான்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "நான் டாக்டரம்மாட்ட சொல்லாம இருந்திருந்தா, நெசமாவே நீ போய்ச் சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருப்பேன்."

"அப்ப அது என்னயப் பழிவாங்கத்தானே?"

கேட்டு மேலே ஏறியது. மிக்கேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"பழிய இனிமேத்தான் வாங்கணும் வே."